செஞ்சிக் கோட்டை: ஏறலாமா, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "சென்னையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போய்வர நினைக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, பையனுக்கு 9. எல்லாம் இடிந்து கிடக்கிறது என்கிறார்கள். அவ்வளவு படி ஏறிப் பார்க்கிற அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது, தாராளமாகப் போங்கள். நான் திண்டிவனம் பக்கத்து ஆள். சின்ன வயதிலிருந்து எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இடிந்து கிடக்கிறது என்பதும் உண்மைதான். ராஜஸ்தான் அரண்மனைகளைப் போலக் கண்ணாடி மண்டபம், தங்கப் பூச்சு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். செஞ்சியில் பார்க்க வேண்டியவை இரண்டு. தண்ணீரை எப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்பது ஒன்று. ஏறி வரும் எதிரியை எங்கெங்கே தாமதப்படுத்தினார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு சுவரும் எதற்கு அங்கே நிற்கிறது என்பது தானாகப் புரியும். இல்லாவிட்டால் நாலு செல்ஃபி, ஒரு இளநீர், அவ்வளவுதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலையே கோட்டை மதிலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். அந்த வழியாகத் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் கோட்டைக்குள் ஒருமுறையாவது பயணம் செய்தவர்கள்தான், தெரியாமலே. வலது பக்கம் கிருஷ்ணகிரி என்கிற குன்று. இடது பக்கம் உள்ளே தள்ளி, மொட்டைத் தலையோடு செங்குத்தாக நிற்பது ராஜகிரி. தென்கிழக்கில் மூன்றாவதாகச் சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அது வளைத்துப் பிடித்திருக்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். ஒரு சிறு நகரமே உள்ளே இருந்தது. 1597இல் இங்கே வந்த பிமெண்டா என்கிற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுக்கலில்கூட இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்த நகரம் இருந்த இடத்தில் வயலும் முள்புதரும் ஆடுகளும்.

நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே கோட்டை விட்டிருக்கிறேன். வெளியூர் நண்பர்களை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போனபோது, திண்டிவனத்தில் டிபன் முடித்து, டீ குடித்து, நிதானமாகப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அது ஏப்ரல் மாதம். பாதி வழியில் பாறையில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது. கமலக்கண்ணி அம்மன் கோவிலோடு திரும்பிவிட்டோம். செஞ்சிக் குன்றுகள் முழுக்க உருண்டைக் கருங்கற்களின் குவியல். காலையில் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பிற்பகல் 3 மணி வாக்கிலேயே ராஜகிரி ஏற அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் மத்தியானம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற எண்ணமே வேண்டாம். சென்னையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 25 ரூபாய்தான், பையனுக்குக் கிடையாது. சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே சீட்டுதான் கிருஷ்ணகிரிக்கும்.

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். கீழ்க்கோட்டையே இரண்டு மணி நேரத்துக்குக் காணும். பெரும்பாலும் சமதளம், வேப்பமர நிழல் உண்டு. நீங்கள் மேலே போய்வரும் வரை அவர் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

கீழே எல்லோரும் படம் எடுப்பது கல்யாண மகாலை. சதுர முற்றம், சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், நடுவில் கூம்புத் தலையோடு எட்டு நிலைக் கோபுரம். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். பெயரைக் கேட்டுக் கல்யாண மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்பார்கள். கோபுரத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குள் ஏறிய தண்ணீர். வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண் குழாய் வழியாக ஆறாவது நிலை வரை தண்ணீரைக் கொண்டு போயிருக்கிறார்கள். குழாய் ஓடிய தடத்தைத் தேடச் சொல்லிப் பையனை விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும்.

பக்கத்திலேயே ஆனைக்குளம், அப்புறம் நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் என்று பெயர் எழுதிய கட்டடம். களஞ்சியத்துக்குள் கட்டாயம் போங்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே காலடி வைத்ததும் இருட்டு, குளிர்ச்சி, வௌவால் நெடி. சுவரின் தடிமனை வாசலில் நின்று கையை விரித்து அளந்து பாருங்கள், இரண்டு கை போதாது. மேலே வளைவுக் கூரை. ஒரு முறை கை தட்டினால் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான் என்றால் அவனை வெளியே கொண்டுவருவது உங்கள் பாடு.

இன்னும் கொஞ்சம் தள்ளிச் சக்கரகுளம், செட்டிக்குளம் என்று இரண்டு குளங்கள். சக்கரகுளத்துக்குத் தெற்கே 'கைதிக் கிணறு' என்று ஒன்று உண்டு. கிணறு என்று பெயரே தவிர அது வெட்டிய கிணறு அல்ல. ஒரு ராட்சதப் பாறை, அதன் நடுவில் இயற்கையாகவே ஒரு குழி, மேலே செங்கல் சுற்றுச் சுவர். மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் இறக்கிப் பட்டினி போட்டுவிடுவார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தண்ணீருக்கு இவ்வளவு பாடுபட்ட கோட்டையில், சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒரே கிணறு அதுதான்.

சரி, ஏறுவோம். ராஜகிரி உச்சி தரையிலிருந்து சுமார் 800 அடி. சாதாரண நடை உள்ளவர்களுக்கு ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி. படிகள் ஒரே உயரமாக இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றரை அடி. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இது வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குப் போட்ட படி இல்லப்பா, வேண்டாதவனுக்குப் போட்ட படி" என்பார். ஏறுகிறவனைச் சீராக மூச்சு விடவிடாமல் செய்வதற்கென்றே போட்ட மாதிரிதான் இருக்கும். வழி நேராகவும் போகாது. ஒரு வாசல், உடனே ஒரு திருப்பம், மேலே பார்த்தால் துப்பாக்கித் துளை வைத்த சுவர், மறுபடி வாசல். திருப்பத்தில் நின்று, மேலே இருப்பவன் நம்மை எத்தனை இடத்திலிருந்து பார்க்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வழியோரப் பாறைகளில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். பாறையைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகள் அவை. கோட்டைக்கான கல்லை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, குன்றையே உடைத்துக் குன்றுக்குச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

பாதி ஏற்றத்தில் கமலக்கண்ணி அம்மன் கோவில். ராஜகிரிக்குப் பழைய பெயரே கமலகிரிதான். ராஜாக்கள், சுல்தான்கள், கும்பெனிக்காரர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள், இந்த அம்மாள் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. இன்றும் சுற்றுக் கிராமத்து மக்கள் திருவிழா எடுக்கிறார்கள். இதுவரைக்கும் ஏறியவர்கள் பாதிப் பேர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் திரும்ப வேண்டாம், ஏனென்றால் முக்கியமான இடம் இனிமேல்தான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே குன்று பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழத்துக்கு ஒரு பிளவு. பாதி இயற்கை, மீதியை வெட்டி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், உச்சிக்கோட்டையின் வாசல் அந்தப் பக்கம். நடுவில் இருந்தது இழுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மரப்பாலம். இப்போது நிலையான பாலம் போட்டிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே ஒரு முறை பாருங்கள். பலகையை உள்ளே இழுத்துவிட்டால் வெளியே ஆயிரம் பேர் நின்றாலும் என்ன செய்ய முடியும்? பத்து ஆள் இருந்தால் போதும், இந்த இடத்தை எவ்வளவு பெரிய படைக்கு எதிராகவும் காக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதினார். அங்கே நின்று பார்க்கும்போது அது மிகையாகத் தோன்றாது.

மேலே அரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு மாதிரியான கட்டடம், களஞ்சியம், ஒரு பீரங்கி. காற்று ஆளைத் தள்ளும். என்னைக் கேட்டால் இவற்றையெல்லாம் விட மேலே ஊறும் தண்ணீர்தான் அதிசயம். 800 அடி உயரப் பாறைத் தலையில் வற்றாத சுனைகள் இருந்ததும், மழைநீரைப் பிடிக்கத் தனியாகத் தொட்டி கட்டியதும்தான் இந்தக் குன்றைக் கோட்டையாக்கின. சுனை இல்லையென்றால் இந்த உச்சி ஆடு ஏறிப் படுக்கும் பாறையாகத்தான் இருந்திருக்கும்.

தண்ணீரையும் பாலத்தையும் பார்த்துவிட்டால் வரலாறு சுலபமாக விளங்கும். முதலில் இங்கே அரண் கட்டியது 1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்கிற இடையர் குலத் தலைவர் என்பது மரபு. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடங்களில் பல அவர்கள் காலத்தவை. 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்து, மதில்களைத் திருத்திப் பலப்படுத்தினார். அந்த முன்யோசனை அவர் மகனுக்கு உதவியது. மகாராஷ்டிரத்தில் ஔரங்கசீப் நெருக்கியபோது இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி 1689 கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே கொஞ்ச காலம் இந்த ஊர்தான். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். ஏழு வருஷத்துக்கு மேல்! அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பிப் போய்விட்டார்.

அவ்வளவு நாள் எப்படித் தாங்கியது என்று கேட்டால், மலை மட்டும் காரணமில்லை. மூன்று குன்றையும் 13 கிலோமீட்டர் மதிலையும் முழுக்க வளைக்க ஆள் போதவில்லை. சாந்தாஜி, தனாஜி என்கிற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து முகலாயர்களின் உணவு வரத்தை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்ட கதை. போதாததற்கு முகலாயப் பாசறைக்குள்ளேயே இளவரசர் காம் பக்ஷுக்கும் தளபதிக்கும் சண்டை முற்றி, இளவரசரையே காவலில் வைக்க நேர்ந்தது.

இதற்கு நேர்மாறாக, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்துவிட்டார்கள். கீழ்வாசலை வெடி வைத்துத் தகர்த்து, நிலா மறைந்த பிறகு மூன்று குன்றுகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விடியும்போது மூன்றும் அவர்கள் கையில். அதே பிளவு, அதே சுனை, அதே படிகள். உள்ளே இருந்தவர்களுக்குப் போரிட மனமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிடித்த பிரெஞ்சுக்காரர்களைச் செஞ்சி சும்மா விடவில்லை. ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அவர்கள் இங்கே வைத்ததில்லை. ஆனாலும் பத்து வருஷத்தில் 1,200 பேரைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள் என்று பழைய கெஜட்டியரில் இருக்கிறது. 1761இல் புதுச்சேரி விழுந்த பிறகு, கடைசியாக ஆங்கிலேயரிடம் சரணடைந்த பிரெஞ்சு இடங்களில் செஞ்சியும் ஒன்று.

தேசிங்கு ராஜாவைச் சொல்லாமல் விட்டால் செஞ்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அவருடைய தந்தை சொரூப் சிங், முகலாயர்கள் செஞ்சிக்கு நியமித்த தலைவர். தந்தை 1714 ஜனவரியில் இறந்ததும் தேஜ் சிங் பதவிக்கு வந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, அதே வருஷம் அக்டோபரில் போர்க்களத்தில் செத்தார். அப்போது வயது 22. ஆண்டது பத்து மாதம்கூட முழுதாக இல்லை. ஐந்நூறு வருஷம் ஆண்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பத்து மாதம் ஆண்டவனைப் பற்றித் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் நாட்டுப்புறமெங்கும் பரவியது. அவருடைய குதிரை, தோள் கொடுத்த நண்பன் மோவுத்துக்காரன் என்கிற மகபத்கான், எல்லோரும் கதையில் உயிரோடு இருக்கிறார்கள். செட்டிக்குளக் கரையில்தான் அவரை எரித்தார்கள், அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினார். அந்தப் பெண்ணின் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கிறார். போருக்குப் போக வேண்டாம் என்று தேசிங்கைத் தடுத்தும் அவர் கேட்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது கவனித்துப் பாருங்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. "நம்ம ஊர்க் கோட்டைக்கு மராட்டியப் பெயரா?" என்று இங்கே சிலருக்கு வருத்தம். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை, மராட்டியர்கள் இங்கே இருந்த இருபது வருஷமும் நிஜம்தானே. ஆனால் கோன், நாயக்கர் பகுதியையும் அறிவிப்புப் பலகையில் இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதலாம்.

ராஜகிரி முடியாது என்று தோன்றினால் சாலையின் மறுபக்கம் கிருஷ்ணகிரிக்குப் போங்கள். உயரம் குறைவு, படிகள் ஒழுங்கு, முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே குவிமாடம் வைத்த ஒரு திறந்த மண்டபம் உண்டு. அதன் ஜன்னல் மேடையில் உட்கார்ந்தால் எதிரே ராஜகிரி முழு உருவத்தோடு தெரியும். எண்ணெய்க்கும் நெய்க்கும் என்று சொல்லப்படும் கல் தொட்டிகளும் இங்கேதான். பையனுக்கு 9 வயது என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் காலையில் ராஜகிரி, இறங்கிச் சாப்பாடு, தெம்பு இருந்தால் மூன்று மணிக்கு மேல் கிருஷ்ணகிரி என்று வைத்துக்கொள்வேன். சந்திரகிரி வேண்டாம். பாதை சரியில்லை, ஆள் நடமாட்டமும் இல்லை.

சில்லறை விஷயங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே விற்பவர் கிடையாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே தீனிதான். கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பறித்துவிடும், முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுங்கள். என் கையிலிருந்து ஒரு குரங்கு மோர்ப் பாக்கெட்டைப் பிடுங்கி, மூலையைக் கடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தது. கோட்டைக்குள் ஹோட்டல் இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் செஞ்சி பஸ் நிலையம் பக்கம் வர வேண்டும். ஆட்டோ பேசி வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

கிளம்புவதற்கு முன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி வாசல் பக்கம் இருக்கும் வெங்கடரமணர் கோவிலைப் பாருங்கள். கோபுர வாசலின் இரு பக்கமும் பாற்கடல் கடைந்தது முதலாகச் சிற்பங்கள் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே போனால் வெறிச்சென்று இருக்கும். பெரிய ஒற்றைக்கல் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். நீங்கள் சென்னைக்குத் திரும்பும் வழியை மாற்றிப் புதுச்சேரிக்கு விட்டால் இரண்டு மணி நேரத்தில் கடற்கரையில் இருப்பீர்கள். அங்கே காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல் தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியிலிருந்து போனவை. பையனிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், காலையில் கோவிலில் பார்த்த சிற்ப வேலையை வைத்து அவனே கண்டுபிடிக்கிறானா பாருங்கள்.